ஒரு வேடம், மூன்று ஷிப்ட்

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை மாலை, ஐம்பதை எட்டிப் பார்க்கும் வயதில், நானே வலியக் கை தூக்கிப் பெயர் கொடுத்து, முப்பது இளைஞர்கள் முன்னால் ஐந்து நிமிடம் நகைச்சுவை செய்தேன். யாருமே சிரிக்கவில்லை என்று சொன்னால் அது மிகை. காபி இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒருவர் சிரித்தார். பிறகுதான் தெரிந்தது, அவர் காதில் எதையோ செருகிக்கொண்டு வேறு யாருடனோ பேசிக்கொண்டிருந்தார்.

ஓசூர் பாகலூர் ரோட்டில் ஒரு காபிக் கடையின் மாடி அது. மகள்தான் அழைத்துப் போனாள். யார் வேண்டுமானாலும் மேடை ஏறலாமாம். அந்த 'யார் வேண்டுமானாலும்' என்பதில் நானும் அடக்கம் என்று எடுத்துக்கொண்டது முதல் பிழை. இரண்டாவது பிழை, ஒவ்வொரு துணுக்கையும் சொன்ன பிறகு நிறுத்தினேன். சும்மா அல்ல, மனதுக்குள் ஏழு வரை எண்ணி நிறுத்தினேன். மூன்றாவது துணுக்கில் நான்கு வரை வந்திருப்பேன், நிகழ்ச்சி நடத்திய பெண் தண்ணீர் பாட்டிலோடு வந்து, "அங்கிள், உக்காந்துக்கறீங்களா?" என்று மிக மரியாதையாகக் கேட்டார். வசனம் மறந்துவிட்டது என்று நினைத்திருக்கிறார்கள். மகள் மேசைக்கடியில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.

மறக்கவில்லை, காத்திருந்தேன். உங்களிடம் சொல்வதற்கென்ன, நான் தொழில் கற்ற காலத்தில் எங்கள் ஊரில் சிரிப்பு மூன்று தவணையாக வரும். ஆயுத பூஜைக்குத் தொழிற்பேட்டையில் ஏதாவது ஒரு கம்பெனி வளாகத்துக்குக் கல்லூரிப் பையன்களான எங்களைக் கூப்பிடுவார்கள். நான் ஒலிபெருக்கியில் ஒன்று சொல்வேன். முதலில் தமிழ்க்காரர்கள் சிரிப்பார்கள். அடுத்து பேரிகைப் பக்கத்துத் தெலுங்குக்காரர்கள் நடுவே ஒருவர் திரும்பி உட்கார்ந்து அதைத் தெலுங்கில் சொல்வார், அங்கே ஒரு சிரிப்பு. பிறகு தளிப் பக்கத்துக் கன்னடக்காரர்களில் ஒருவர் அதே வேலையைச் செய்வார், அங்கே ஒரு சிரிப்பு. மூன்றும் அடங்கினால்தான் அடுத்தது. அவசரப்பட்டால் ஒரு மொழிக்காரர்கள் முந்தைய துணுக்கிலேயே நின்றுவிடுவார்கள்.

இதில் எனக்கு நெடுநாள் ஒரு பெருமிதம் இருந்தது. மூன்றாவது சிரிப்புதான் எப்போதும் பெரியதாக இருக்கும். என் நகைச்சுவை மொழிகளைக் கடக்கக் கடக்கத் தேறுகிறது என்று நம்பினேன். ஒரு பூஜை முடிந்து பொரியும் கடலையும் வாங்கிக்கொண்டு நிற்கையில், கன்னடத்தில் சொல்லிக்கொண்டிருந்த மனிதரிடம் அப்படி என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். "உங்களது செரியா புடிபடலைங்க," என்றார். "நம்ம சூப்பர்வைசர் பத்தி வேற ஒண்ணு சொன்னன்."

அதற்குப் பிறகும் காத்திருப்பதை நான் விடவில்லை. பழக்கம் என்பது அறிவைவிடக் கொஞ்சம் கெட்டியானது.

காபிக் கடையில் எனக்குப் பிறகு ஏறிய பெண் ஒரு தொழிற்சாலையிலிருந்து நேராக வந்திருந்தார். கழுத்து அடையாள அட்டையைக் கழற்றிப் பைக்குள் திணித்துவிட்டுத்தான் ஒலிவாங்கியைத் தொட்டார். விடுதிச் சாப்பாட்டைப் பற்றிப் பேசினார், நன்றாகவே சிரித்தார்கள். நான் அந்த அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு மூக்கில் கூலன்ட் எண்ணெய் வாசம் வந்தது. அவரிடமிருந்து அல்ல. அவர் வேலை செய்யும் இடத்தில் எண்ணெயே கிடையாதாம், தூசிகூடக் கிடையாதாம். அது முனிராஜின் வாசம்.

இரும்பைக் கடையும்போது சூடாறப் பால்போல ஒன்றை ஊற்றுவார்கள், அதுதான் கூலன்ட். எத்தனை சோப்புப் போட்டாலும் விரலிடுக்கில் மிச்சமிருக்கும். முகப்பவுடரோடு அது சேரும்போது எழும் மணத்தை நான் இன்றும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். எங்கள் நாடகக் குழுவின் மணம் அது. முனிராஜும் சேவியரும் ஒரே பல்சக்கர ஆலையில் ஒரே இயந்திரத்தில் வேலை செய்தவர்கள், வேறு வேறு ஷிப்டில். முனிராஜ் உள்ளூர்க்காரன், வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், எங்களிடம் தமிழ். எல்லோரையும் 'குரு' என்பான். சேவியர் காவேரிப்பட்டினத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கத்தோலிக்கக் கிராமத்திலிருந்து வந்து மூக்கண்டப்பள்ளியில் அறை எடுத்துத் தங்கியிருந்தார். எங்களைவிட நாலைந்து வயது மூத்தவர், அதனால் 'ர்'. இருவரும் எங்கள் கல்லூரி மாலை நேரப் பிரிவில் பொருளியல் படித்தார்கள். பகல் பிரிவில் நான் படித்தேன் என்பது பதிவேட்டில் உள்ளபடி.

எங்கள் குழுவில் பாதிப் பேர் இப்படிப்பட்டவர்கள். ஏ ஷிப்ட் காலை ஆறிலிருந்து இரண்டு, பி ஷிப்ட் இரண்டிலிருந்து பத்து, சி ஷிப்ட் பத்திலிருந்து ஆறு. வாரத்துக்கு வாரம் மாறும். எந்த நாளில் எவர் வருவார் என்று அவர்களுக்கே தெரியாது. ஆகவே நாங்கள் ஒரு முறை வைத்திருந்தோம். எந்த வேடத்தையும் மூன்று பேர் மனப்பாடம் செய்ய வேண்டும், ஷிப்டுக்கு ஒருவராக. கதாநாயகன் மூன்று பேர், வில்லன் மூன்று பேர். ஒரே நாடகம் திங்களன்று ஒல்லியாகவும் வியாழனன்று குண்டாகவும் இருக்கும்.

அம்மா வேடம் மட்டும் ஒருவருக்குத்தான். தேன்மொழி என்ற மாணவி காவேரிப்பட்டினத்திலிருந்து தினமும் வந்து போனார். மாலையில் அவருக்கு ஒரு பேருந்து இருந்தது, அதை விட்டால் வீட்டில் கேள்வி வரும். அதனால் என் நாடகங்களில் அம்மாக்கள் முதல் காட்சியிலேயே இறந்துபோனார்கள். அதில் ஓர் ஆழ்ந்த சோகத் தரிசனம் இருப்பதாக விடுதி நண்பன் ஒருவன் கல்லூரி ஆண்டு மலரில் எழுதினான். அது பேருந்து நேரம் என்று நான் சொல்லவில்லை.

ஆம், நாடகங்களை எழுதியவன் நானே. பூஜை மேடையில் கோமாளி வேலை, கல்லூரி மேடையில் துன்பியல். வாரத்தில் மூன்று ஒத்திகை, ஞாயிறானால் எங்காவது ஒரு திருவிழா, தேவாலயத் தேர், ரோட்டரிக் கூட்டம். ராயக்கோட்டையில் ஒருமுறை தக்காளி விலை விழுந்து சாலையோரம் கூடை கூடையாகக் கொட்டிக் கிடந்த வாரத்தில் நாடகம் போட்டோம். இலவசமாகக் கைக்கெட்டும் தூரத்தில் அத்தனை தக்காளி. ஒருவர்கூட எங்கள் மேல் எறியவில்லை. அதை நாங்கள் பாராட்டாக எடுத்துக்கொண்டோம். எறியும் அளவுக்குக்கூட அவர்கள் கவனிக்கவில்லை என்பது சேவியரின் கருத்து.

இவ்வளவுக்கும் நடுவே வகுப்புக்கு எப்படிப் போவது. மூன்றாம் ஆண்டு பிப்ரவரியில் பட்டியல் ஒட்டினார்கள். தேர்வெழுத எழுபத்தைந்து விழுக்காடு வருகை வேண்டும், என் பெயருக்கு நேரே அறுபத்திரண்டு. ஓராண்டு போய்விடும். அப்பா அதற்குள் தன் கம்பெனியில் என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லி வைத்திருந்தார், ஜூனில் பட்டத்தோடு வருவான் என்று. அவரிடம் போய், நீங்கள் சொன்ன வார்த்தையைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள், நான் ராயக்கோட்டையில் நடித்துக்கொண்டிருந்தேன் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

துறைத்தலைவர் சேலத்துக்காரர். குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. ஒத்திகை நாட்களுக்கு 'ஆன் டியூட்டி' போட்டுத் தந்தால் எழுபத்தைந்து வந்துவிடும் என்று ஒரு தாளில் கணக்குப் போட்டுக் கொண்டுபோய் நீட்டினேன். கணக்கைச் சரிபார்த்தார். நான் எழுதிய பொருளியல் தாளில்கூட அவர் அவ்வளவு கவனம் காட்டியதில்லை. பல்கலைக்கழக மண்டலப் போட்டியில் ஏதாவது ஒரு பரிசு வாங்கி வா, கல்லூரி வேலையாகப் போனதாகக் கையெழுத்துப் போடுகிறேன், வெறுங்கையோடு வந்தால் அடுத்த வருடம் உட்கார் என்றார்.

போட்டி கிருஷ்ணகிரியில், ஒரு சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு. எங்கள் துன்பியலின் தலைப்பைச் சொல்ல மாட்டேன், அதில் இரண்டு ஆச்சரியக்குறிகள் இருந்தன என்பதோடு விட்டுவிடுங்கள். தாய் இறக்கிறாள் (பேருந்து). நோய்ப் படுக்கையில் கிடக்கும் மகனுக்கு அது தெரியாது. தந்தை வருகிறார். மகன் இரண்டு பக்க வசனம் பேசி உயிர் துறக்கிறான். மகன் நான். இரண்டு பக்கத்தையும் வேறு எவருக்கும் மனப்பாடம் செய்யக் கொடுக்கவில்லை, அந்த ஒரு வேடத்துக்கு மட்டும் ஷிப்ட் கிடையாது.

தந்தை வேடத்துக்கு முனிராஜ், சேவியர் இருவருமே பொருத்தம். மூன்றாவது தந்தை அம்மை போட்டு ஊருக்குப் போய்விட்டான். இங்கேதான் என் பொருளியல் மூளை வேலை செய்தது. அந்த வாரம் முனிராஜ் ஏ ஷிப்ட், சேவியர் பி ஷிப்ட். ஆலை விதிப்படி அடுத்த ஷிப்ட் ஆள் வந்து பொறுப்பேற்காமல் முந்தைய ஆள் இயந்திரத்தை விட்டு நகரக் கூடாது. அப்படியானால் சேவியர் வேலைக்குப் போனால் முனிராஜ் இரண்டு மணிக்கு விடுபட்டு வருவான். சேவியர் போட்டிக்கு வந்தால் முனிராஜ் இயந்திரத்தில் மாட்டிக்கொள்வான். எப்படிப் பார்த்தாலும் ஒரு தந்தை உறுதி, இரண்டு தந்தை சாத்தியமில்லை. இருவரையும் தனித்தனியாகப் பார்த்து, உன்னை நம்பித்தான் இருக்கிறேன், என் வருடமே உன் கையில் என்று கண் கலங்கச் சொன்னேன். ஒருவரிடம் சொன்னதை மற்றவரிடம் சொல்லவில்லை, ஆலையில் யாரிடமும் மூச்சுவிடாதே என்றும் கேட்டுக்கொண்டேன். கண் கலங்கியது உண்மையா என்று கேட்காதீர்கள். ஒத்திகை பார்த்திருந்தேன்.

மகன் படுக்கக் கயிற்றுக் கட்டில் ஒன்றைப் பேருந்துக் கூரையில் ஏற்றிக்கொண்டு போனோம். சூளகிரியில் ஏறிய ஒரு பெரியவர் யாருக்கு உடம்பு சரியில்லை என்று விசாரித்தார். எனக்குத்தான் என்றேன். ஆள் நன்றாகத்தானே இருக்கிறாய் என்றார். நாலு மணிக்கு மேல்தான் என்றேன்.

பன்னிரண்டு மணிக்கே சேவியர் வந்துவிட்டார். கண் சிவந்திருந்தது. மேடைக்குப் பின்னால் அந்தக் கட்டிலிலேயே படுத்து உறங்கிவிட்டார். நான் நிம்மதியானேன். சேவியர் இங்கே, ஆகவே முனிராஜ் அங்கே. திரை விலகியது. தேன்மொழி உரிய நேரத்தில் இறந்து, உரிய நேரத்தில் பேருந்துக்குக் கிளம்பினார். இரண்டாம் காட்சியில் நான் கட்டிலில் போர்வைக்குள் கண்மூடிக் கிடந்தேன்.

வலப்பக்கத்திலிருந்து காலடி ஓசை. "கண்ணா, அப்பா வந்துட்டன்டா." சேவியரின் குரல், தழுதழுப்பு அளவாக இருந்தது. நான் மெல்ல முனக வேண்டிய இடம். முனகுவதற்குள் இடப்பக்கத்திலிருந்து ஓடிவந்து நின்ற ஒருவரின் மூச்சிரைப்பும், அதைத் தொடர்ந்து, "கண்ணா, அப்பா வந்துட்டன்டா," என்ற இன்னொரு குரலும் கேட்டன. கூடவே கூலன்ட் வாசம்.

கண்ணைத் திறந்தேன். இரண்டு அப்பாக்கள், தோளில் இரண்டு துண்டு, நடுவே நான். என் கணக்கில் பிழை எங்கே என்று போர்வைக்குள் கிடந்தபடியே யோசித்தேன். சேவியர் தன் இடத்தில் ஆள் வைக்காமல் வரக்கூடியவர் அல்லர், அதுதான் பிழை. சி ஷிப்ட்காரரிடம் பேசி, முந்தைய இரவு அவருக்காகத் தான் நின்று, தன் பி ஷிப்டை அவருக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். அந்த ஆள் சரியாக இரண்டு மணிக்குப் போய் முனிராஜை விடுவித்திருக்கிறார். முனிராஜ் சட்டைகூட மாற்றாமல் பேருந்து ஏறியிருக்கிறான். ஷிப்டைக் கணக்கில் சேர்த்தேன், இயந்திரத்தைச் சேர்த்தேன், இருவரும் நல்லவர்கள் என்பதைச் சேர்க்க மறந்துவிட்டேன்.

அரங்கம் சிரிக்கத் தொடங்கியது. அறுபத்திரண்டு என்ற எண் என் கண்முன் வந்து நின்றது. சேவியர் எதிரே நின்ற முனிராஜைப் பார்த்தார். ராத்திரி முழுக்க விழித்த மனிதர். எதிரில் முனிராஜ், நடுவில் நீளமாக ஏதோ ஒன்று. ஷிப்ட் மாறும்போதெல்லாம் அவர் பார்க்கும் காட்சி அதுதான், அன்று காலை ஆறு மணிக்கும் முனிராஜிடம் அப்படித்தான் பொறுப்பை ஒப்படைத்திருந்தார். தலை பழகிய தடத்தில் ஓடியது. துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"ஜுரம் நூத்தி மூணு. காலையிலருந்து கஞ்சி எறங்கல. மருந்து ஒரு தடவ குடுத்துருக்கன். இருமல் அப்பப்ப வருது, பாத்துக்க."

முனிராஜ் குனிந்து என் நெற்றியில் புறங்கையை வைத்தான். இயந்திரத்தின் சூட்டைப் பார்ப்பவனின் கை.

"சரி, நான் பாத்துக்கறன். பெண்டிங் எதனா இருக்குதா?"

சேவியர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். "அவங்கம்மா போயிட்டாங்க," என்றார். "அத இன்னும் அவங்கிட்ட சொல்லல."

சிரிப்பு எந்த இடத்தில் நின்றது என்று எனக்குத் தெரியவில்லை. நின்றுவிட்டது. "நான் சொல்லிக்கறன். நீ போய்ப் படு," என்றான் முனிராஜ். சேவியர் என் காலைப் போர்வையால் மூடிவிட்டு வலப்பக்கமாகவே போய்விட்டார். என் இரண்டு பக்கம் இன்னும் மிச்சமிருந்தது. எழுந்து உட்கார்ந்து, "தந்தையே," என்று தொடங்கினேன். முனிராஜ் என் மார்பில் கையை வைத்துத் திரும்பப் படுக்க வைத்தான். "பேசாத. தூங்கு," என்றான். தள்ளிய கையில் உண்மையான பலம் இருந்தது. கட்டிலருகே தரையில் உட்கார்ந்து, வேறொன்றும் பேசாமல், என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தான். திரை இழுப்பவர் வேறு வழி தெரியாமல் இழுத்துவிட்டார்.

இரண்டாம் பரிசு. நடுவர்களில் ஒருவர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர், எங்கள் நாடகத்தில் கடைசிப் பகுதியில் வசனங்கள் இயல்பாக இருந்தன என்றும், முதல் பகுதியை எழுதியவர் கடைசிப் பகுதியை எழுதியவரிடம் கற்றுக்கொள்ளலாம் என்றும் சொன்னார். நான் தலையாட்டிக் குறித்துக்கொண்டேன்.

திரும்பும் பேருந்தில் சேவியர் சன்னலோரம், முனிராஜ் நடுவில், நான் ஓரத்தில். பேருந்து குருபரப்பள்ளி தாண்டியது. பிறகு முனிராஜ், "குரு, சேவியர் அண்ணங்கிட்டயும் அழுதயா நீயி?" என்றான். ஆமாம் என்றேன். அவர் தூங்குகிறார் என்று நினைத்திருந்தேன். கண்ணைத் திறக்காமலே சேவியர் சொன்னார்: "ஒரு வார்த்த சொல்லியிருந்தா நாங்களே பேசி முடிச்சிருப்பம்பா. தெனம் ரெண்டு மணிக்குப் பாத்துக்கறம்." கோபமாகச் சொல்லியிருந்தால் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பேன். அவர் தகவலாகத்தான் சொன்னார்.

முனிராஜ் இப்போது பாகலூர்ப் பக்கம் பசுமைக்குடிலில் ரோஜா வளர்க்கிறான். விரலில் எண்ணெய் வாசம் இல்லை, முள் கீறல்கள் இருக்கின்றன. சேவியர் மகளோடு பெங்களூரில், கிறிஸ்துமஸ் தோறும் பேசுவார். எங்கள் கல்லூரியில் மாலை நேரப் பிரிவை மூடிப் பல வருடம் ஆயிற்று. அவர்கள் நின்ற இயந்திரமும் போய்விட்டது. அந்த இடத்தில் நிற்கும் புதியதைப் பற்றிப் போன வருடம் ஆலையில் வேலை செய்யும் ஒருவர் சொன்னார். என்ன ஓடியது, எங்கே சுடுகிறது, எது மிச்சம் என்று எல்லாவற்றையும் அதுவே திரையில் எழுதி வைத்துக்கொள்கிறதாம். முன்னவர் முகத்தைப் பின்னவர் பார்க்க வேண்டியதில்லை. இரண்டு மணிக்கு ஒருவர் போகிறார், ஒருவர் வருகிறார், அவ்வளவுதான். நல்ல ஏற்பாடு, தவறே நேராது. அதில் ஒரு நாடகக் குழுவை நடத்த முடியாது என்பது என் சொந்தக் கவலை.

துறைத்தலைவரின் அறையும் இன்று இல்லை, இரண்டு வகுப்பறையாகத் தடுத்துவிட்டார்கள். திங்கட்கிழமை காலை சான்றிதழோடும் விண்ணப்பத்தோடும் அங்கே போய் நின்றேன். அவர் கிருஷ்ணகிரிக்கு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியாது. சான்றிதழை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"சாயங்கால வகுப்புப் பசங்க ரெண்டு பேருக்கும் அப்பவே கையெழுத்து போட்டுட்டன்," என்றார். "உழைச்சாங்க. நீ படுத்துதானப்பா கெடந்த?"

அவர் பேனா மூடியைக் கழற்றினார்.

"சரி, கொண்டா. என் கிளாஸ்லயும் அதத்தான பண்ற. அதுக்கு நான் ப்ரெசன்ட் போடறனில்ல."